முத்தியால்பேட்டை மொட்டை மாடியில் சைவ்ஸ்: நுனி கருகுது, நாற்று சாயுது. எங்க தப்பு?

முத்தியால்பேட்டை மாடி:

வணக்கம். இடம் புதுச்சேரி முத்தியால்பேட்டை, கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள. மொட்டை மாடியில காலை ஏழு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நேர் வெயில். சைவ்ஸ் (வெங்காயக் குடும்பத்துச் செடி, மெல்லிசான தாளைச் சமையலுக்கு நறுக்கிப் போடுறது) போட்டேன், சரியா வரல. விவரத்தை அப்படியே தர்றேன், பாத்து சொல்லுங்க.

விதை பாக்கெட்டில் இருக்கிற தேதி 14 மாசம் முந்தினது. ஆகஸ்ட் முதல் வாரம், 6 அங்குல கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ரெண்டில் விதைச்சது. கலவை கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) பாதி, மண்புழு உரம் பாதி. கோகோபீட் கட்டியை ஊற வச்சு அப்படியே போட்டது, கழுவல. 60 விதையில் 11 முளைச்சுது, அதுவும் 19 நாள் ஆன பிறகு. முளைச்ச மூணாவது வாரத்தில் நுனி வெளுத்து, அப்புறம் பழுப்பாகிக் கருக ஆரம்பிச்சுது. அஞ்சு நாற்று மண் மட்டத்தில் நீர்கோத்த மாதிரி மெலிஞ்சு சாஞ்சுடுச்சு. ஊத்துறது போர் தண்ணி. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில் கரைஞ்ச உப்பை அளக்கிறது) 1,450 பிபிஎம் காட்டுது.

இன்னொண்ணு, நர்சரியில் 'கார்லிக் சைவ்ஸ்'னு ஒரு தொட்டி இருக்கு, இலை தட்டையா இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா? ரெசிபியில் வெறும் சைவ்ஸ்னு இருந்தா இதைப் போடலாமா?

முதுநகர் தூர்:

வணக்கங்க. கடலூர் முதுநகர்ப் பக்கத்துக்கும் இதே வெயில், இதே உப்புக்காத்துதான். நீங்க சொன்னதில் நாலு கோளாறு இருக்கு, நாலுக்கும் ஒரே காரணம் கிடையாது. முளைப்புக் குறைவும் தாமதமும் விதையாலயும் மாசத்தாலயும் வந்தது. நுனிக் கருகல் உப்பு. அடி மெலிஞ்சு சாயறது நாற்றழுகல். தனித்தனியா பாக்கணும், இல்லேன்னா ஒண்ணுக்கு மருந்து அடிச்சு இன்னொண்ணைக் கெடுத்துடுவோம்.

முதல்ல விதை. வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுசு குறைச்சல். ஒரு வருஷம் தாண்டினா முளைப்பு சரியும், நம்ம ஊர் ஈரக்காத்தில் பிரிச்ச பாக்கெட் இன்னும் வேகமா கெடும். வாங்கும்போது பாக்கெட் தேதி ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும். மிச்சத்தைக் காத்து புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைங்க, கூட ஒரு சிலிக்கா பொட்டலம். சந்தேகம்னா தொட்டியை வீணாக்காதீங்க. ஈர டிஷ்யூவில் 20 விதையை மடிச்சு, மூடின டப்பாவில் வீட்டுக்குள்ள இருக்கிறதிலேயே குளிர்ச்சியான மூலையில் 14 நாள் வைங்க. 12-க்கு மேல முளைச்சா விதைக்கலாம். பத்துக்குக் கீழேன்னா தூக்கிப் போட்டுடுங்க, அடர்த்தியா விதைச்சு ஈடு கட்டலாம்னு நினைக்க வேணாம். பழைய விதையில் வர்ற நாற்று முளைச்சாலும் சோணியாத்தான் இருக்கும்.

அடுத்தது மாசம். சைவ்ஸ் விதைக்கு 15 முதல் 20 டிகிரி பிடிக்கும். 30-ஐத் தாண்டினா முளைக்கத் தடுமாறும். ஆகஸ்ட்டில் நம்ம பக்கம் பகல் 35-ஐத் தொடுது, கறுப்புத் தொட்டிக்குள்ள மண் அதுக்கும் மேல கொதிக்கும். இங்க விதைக்க ஏத்த மாசம் ஐப்பசி. ஐப்பசியில் வீட்டுக்குள்ள வெளிச்சமான ஜன்னலோரம் விதைச்சா கார்த்திகை கடைசியில் பெரிய தொட்டிக்கு மாத்தலாம், தை முதல் பங்குனி வரைக்கும் அறுக்கலாம். அதோட சரி. சித்திரை பிறந்ததும் தாள் மெலிஞ்சு மஞ்சளாகி நிக்கும். உரம் போட்டாலும் மருந்து அடிச்சாலும் திரும்பாது, செடி ஓய்வுக்குப் போகுது. ஐரோப்பாவில் பனிக்குக் கீழ கிடந்து வசந்தத்தில் துளிர்க்கிற செடிங்க இது. அங்க வருஷக்கணக்கா இருக்கும், கடலூர்ல மூணு மாச விருந்தாளி. அப்படி வச்சுக்கிட்டா ஏமாற்றம் கிடையாது. இங்க ஊதாப் பூவையும் எதிர்பாக்காதீங்க. குளிர் பருவம் ஒண்ணைப் பாத்தாத்தான் அது பூக்கும், நம்ம மார்கழிப் பனி அதுக்குப் பத்தாது.

விதைக்கிற முறை: 98 குழி உள்ள குழித்தட்டு. ஒரு குழிக்கு 8 முதல் 10 விதை, கொத்தாகவே. ஒத்தை ஒத்தையா வளர்க்கிற செடி இல்ல இது, கொத்தா நின்னாத்தான் தூர் கட்டும். அரை சென்டிமீட்டர் கலவை மேல தூவி, லேசா அழுத்தி, தட்டு மேல ஈரச்சாக்கு. பத்தாவது நாள்லேர்ந்து தினமும் தூக்கிப் பாருங்க. முதல் நாற்று ஊசி வளைஞ்ச மாதிரி தலை குனிஞ்சு வரும், அன்னைக்கே சாக்கை எடுத்துடணும். ரெண்டு நாள் விட்டாலும் வெளிறி நீண்டு படுத்துடும்.

நாற்றழுகலுக்கு மருந்தை விடத் தண்ணிப் பழக்கத்தை மாத்துறதுதான் முக்கியம். காலையில் மட்டும், தட்டை அடியிலிருந்து நனைய விட்டு எடுங்க. சாயங்காலம் பூவாளியால் தெளிச்சா ராத்திரி முழுக்க அடித்தண்டு ஈரமா நிக்கும், பூஞ்சைக்கு அது போதும். விதைக்கும் முன்னாலயே ஒரு கிலோ மண்புழு உரத்துக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சை) கலந்து, ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் மூடி வச்சு அப்புறம் கலவையில் சேர்க்கலாம். சாஞ்ச அப்புறம் ஊத்திப் பயனில்ல. சாஞ்சதைச் சுத்தியிருக்கிற மண்ணோட வழிச்சு எடுத்து எறியுங்க.

தட்டைத் தாள் வேற செடி. அதைப் பத்தி விவரமா யாராவது எழுதுவாங்க. உங்க மாடிக்கு அதுதான் ஏத்ததுன்னு மட்டும் சொல்லிடறேன்.

குழித்தட்டு:

முதுநகர் அண்ணன் விதையை முதல்ல வச்சார். எனக்கு அந்த 1,450தான் முதல்ல கண்ணில் பட்டது.

வெங்காயம் உப்புக்கு ரொம்பக் கூச்சப்படுற பயிர். பாசன நீரின் மின்கடத்துத்திறன் (உப்பு கூடக் கூட இது ஏறும்) மீட்டருக்கு 0.8 டெசிசீமன்ஸ் வரைக்கும்தான் வெங்காயத்தில் மகசூல் குறையாம வரும்னு பாசன அட்டவணைகள் சொல்லும். டிடிஎஸ் கணக்கில் அது சுமார் 500. 1.8-ல் கால் பங்கு போச்சு, 2.9-ல் பாதி போச்சு. டிடிஎஸ்ஸை 640-ஆல் வகுத்தா மின்கடத்துத்திறன் கிடைக்கும், உங்க 1,450-க்கு 2.27 வருது. சைவ்ஸும் அதே குடும்பம். நுனி கருகாம இருந்தாத்தான் அதிசயம்.

அது நிலத்துக்கான கணக்கு. தொட்டியில் இன்னும் மோசம், ஏன்னா வெயில் தண்ணியை எடுத்துக்கிட்டு உப்பை விட்டுட்டுப் போகுது. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறப்ப அடியிலேர்ந்து எதுவும் வடியறதில்ல, உப்பு மொத்தமும் வேரைச் சுத்தியே சேரும். தொட்டி விளிம்பிலும் மண் மேலயும் வெள்ளையா பூத்திருக்கான்னு பாருங்க.

அதுக்கு மேல கழுவாத கோகோபீட். நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் உண்டு, உப்பங்கழியில் மட்டை ஊறினதா இருந்தா கேக்கவே வேணாம். 650 கிராம் கட்டியை நாலு லிட்டர் தண்ணியில் ஊற வச்சு, சாக்கில் கட்டிப் பிழிஞ்சு, மறுபடி நல்ல தண்ணி. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் பிழிஞ்ச தண்ணியில் உங்க மீட்டரை வைங்க. ஊத்தின தண்ணியை விட 200-க்கு மேல கூட வராத வரைக்கும் கழுவணும். மீட்டர் கையில் இருக்கிறதால உங்களுக்கு இது சுலபம்.

தண்ணிக்கு வழி: ஏசியிலிருந்து சொட்டுறதைப் பிடிங்க, உப்பே இருக்காது. மழைநீர் கிடைக்கிற மாசத்தில் டிரம்மில் பிடிச்சு வலை கட்டி மூடுங்க, கொசு வரும். போர் தண்ணி ஒரு பங்கு, ஏசி தண்ணி அல்லது மழைத்தண்ணி ரெண்டு பங்கு கலந்தா 500-க்குப் பக்கத்தில் வந்துடும். ஏசி தண்ணியை மண்ணில் ஊத்துங்க, பச்சையா சாப்பிடுற தாள் மேல தெளிக்க வேணாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுற கழிவு நீரைச் 'சும்மா போகுதே'ன்னு செடிக்கு விடுறவங்க நிறைய. வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கு, இந்தச் செடிக்கு அது விஷம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, தொட்டி கொள்ளளவு எவ்வளவோ அதே அளவு நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில் வடிய விடுங்க. தொட்டிக்குக் கீழ தட்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, வடிஞ்ச உப்பைச் செடி திரும்பக் குடிக்கும்.

6 அங்குலத் தொட்டி சின்னது. 10 அங்குலம் வேணும், வெள்ளையோ மண் தொட்டியோ. கலவை: வில்லியனூர், ஆரோவில் பக்கத்துச் செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, கழுவின கோகோபீட் 1, மணல் அரைப் பங்கு. மணல் கடற்கரையில் அள்ளினதா இருக்கக் கூடாது. பத்து அங்குலத் தொட்டிக்கு 30 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கூடவே ஒரு டீஸ்பூன் ஜிப்சம், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. இதை யாரும் சொல்றதில்ல. ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் மண்ணில் ஒட்டின சோடியத்தைத் தள்ளிவிடும், தண்ணி ஊத்தினா அது வடிஞ்சு போகும். கந்தகம் செடிக்குப் போகும். வெங்காய வாசனை முழுக்கக் கந்தகத்தில்தான் இருக்கு. கந்தகம் பத்தலேன்னா தாள் பச்சையா இருக்கும், மோந்தா புல் வாசனை.

முத்தியால்பேட்டை மாடி:

ரெண்டு பேருக்கும் நன்றி. விளிம்பில் வெள்ளை இருக்கு, இப்பதான் பாத்தேன். உப்புன்னு தோணவே இல்ல, உரம்னு நினைச்சுட்டேன்.

அப்ப சைவ்ஸை ஐப்பசிக்கு ஒத்தி வைக்கிறேன். இப்ப கார்லிக் சைவ்ஸ் வாங்கிடலாமா? வெயில் தாங்குமா? வடகிழக்குப் பருவமழையில் மாடியே தொட்டி மாதிரி ஆயிடும், அதையும் யோசிக்கணும். சமையல் பக்கமும் யாராவது சொல்லுங்க, வெண்ணெயோட கலந்து ரொட்டியில் தடவுறதுக்குத்தான் ஆரம்பத்தில் தேடினது.

முதுநகர் தூர்:

வாங்குங்க. ஆனா வாங்கும் முன்னால ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கி மோந்து பாருங்க. பூண்டு வாசனை கட்டாயம் வரணும். வாசனையே இல்லேன்னா அது ரெயின் லில்லி, மழை பெஞ்ச மறுநாள் வெள்ளையும் ரோஸும் பூக்குமே, அது. பூ இல்லாதப்ப ரெண்டும் ஒரே மாதிரி நிக்கும். ரெயின் லில்லியைத் தின்னா வாந்தி, வயித்துப்போக்கு வரும். மாடியில் ரெண்டும் இருந்தா தொட்டியைத் தள்ளித் தள்ளி வைங்க, சமையலுக்கு அவசரமா யாராவது அறுத்துட்டு வருவாங்க.

சைவ்ஸ் தாள் உருண்டை, உள்ளே குழல். கார்லிக் சைவ்ஸ் தட்டை, குழல் இல்ல, பூ வெள்ளை. கிழக்காசியச் செடி, ஜப்பானில் நிரா, மணிப்பூரில் மரோய் நகுப்பி. அங்கெல்லாம் இது அலங்காரத்துக்குத் தூவுற இலை இல்லை, கீரைக் கணக்கில் சமைக்கிறது. வெயிலுக்கும் இது பயப்படாது. பங்குனி முதல் ஆடி வரைக்கும் 50 சதவீத நிழல் தர்ற பச்சை வலை ஒண்ணு மேல கட்டினாப் போதும், கத்திரி வெயிலிலும் நிக்கும். வளர்ச்சி மட்டும் பாதியாகும்.

நர்சரித் தொட்டியைக் கொண்டு வந்ததும் தூர் பிரிச்சுடுங்க. பெரும்பாலும் வேர் சுருண்டு பந்தா இருக்கும். தாளை 5 சென்டிமீட்டருக்கு வெட்டுங்க, வேரையும் அதே அளவுக்கு. கையால் பிரிச்சு அஞ்சாறு கிழங்கு ஒரு கொத்தா, பத்து அங்குலத் தொட்டிக்கு மூணு கொத்து. வெள்ளை அடி ரெண்டு சென்டிமீட்டர் மண்ணுக்குள்ள போகணும், அதுக்கு மேல புதைச்சா அழுகும். நாலு நாள் நிழல். முதல் அறுவடை 45 நாள் கழிச்சு, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை. சித்திரை வைகாசியில் தூர் பிரிக்கக் கூடாது, அடைமழை நேரத்திலும் கூடாது. இப்பவும் தை மாசமும் சரி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு நடணும். பிரிக்காம விட்டா நடுவில் காலியாகி ஓரத்தில் மட்டும் ஈர்க்கு மாதிரி தாள் வரும்.

அறுக்கிறப்ப நுனியை மட்டும் கத்தரிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. வெட்டின நுனி காஞ்சு பழுப்பாகி அந்தத் தாள் அதோட நிக்கும். மண்ணுக்கு மேல மூணு சென்டிமீட்டர் விட்டு அடியோட அறுங்க. தொட்டி மூணு வச்சுக்கிட்டு முறை மாத்தி அறுத்தா வாரம் ஒரு கட்டு கிடைக்கும். அறுத்த மறுநாள் கடலைப் புண்ணாக்குத் தண்ணி: 100 கிராமை ஒரு லிட்டரில் மூணு நாள் ஊற வச்சு, தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணி கலந்து தொட்டிக்கு 200 மில்லி. நாத்தம் வரும், முதலாளி வீடு கீழ் மாடியில் இருந்தா யோசிச்சு ஊத்துங்க. இதையே வாரா வாரம் ஊத்தினா தாள் கொழுகொழுன்னு வரும், வாசனை குறையும், அசுவினியும் இலைப்பேனும் தேடி வரும்.

இலைப்பேன்தான் மாசி பங்குனியில் பெரிய தொல்லை. தாளில் வெள்ளி கீறின மாதிரி கோடு தெரிஞ்சா அடியைப் பிரிச்சுப் பாருங்க, மஞ்சளா தூசி மாதிரி ஓடும். மொத்தத் தாளையும் அறுத்து, பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்க. வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி ஒரு லிட்டருக்கு, சாயங்காலம், தூருக்குள்ள இறங்குற மாதிரி. அஞ்சு நாள் இடைவெளியில் மூணு தடவை. புதுத் தாள் வந்து ஒரு வாரம் ஆனாத்தான் சமையலுக்கு. பூச்சி ஒட்டிக்கிற நீலப் பசை அட்டை ஒண்ணு தொங்க விடுங்க, மஞ்சளை விட இதுக்கு நீலம்தான் இழுக்கும்.

மழை: 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினதை மறக்க மாட்டீங்க. அந்த மாதிரி நாளில் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழ கொண்டு போங்க, முடியலேன்னா பக்கவாட்டில் சாச்சுப் படுக்க வைங்க. ரெண்டு நாள் படுத்தா செடிக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள் தேங்கின தண்ணியில் நின்னா அடி அழுகிடும். சாதா மழைக்கு அடியில் ரெண்டு செங்கல் வச்சுத் தூக்கினாலே போதும். மழை விட்டதும் தாளில் நடுவில் ஊதா, சுத்தி மஞ்சள்னு நீளப் புள்ளி வந்தா அந்தத் தாளை அன்னைக்கே அறுத்துடுங்க. உரக்குழியில் போடாதீங்க.

அடுப்படி:

சமையல் என் பக்கம்.

ரெண்டையும் ஒரே மாதிரி கையாண்டா ரெண்டும் கெடும். சைவ்ஸின் வாசனை சட்டுனு பறக்கிறது. அடுப்பை அணைச்ச பிறகுதான் போடணும். கொதிக்கிற சூப்பில் போட்டு ரெண்டு நிமிஷம் விட்டா பச்சை நிறம் மட்டும்தான் மிச்சம். கார்லிக் சைவ்ஸ் நேர் எதிர். பச்சையா கொஞ்சம் நாரு, காரமும் மொரடு. முப்பது செகண்ட் சூடு பட்டா இனிப்பும் பூண்டு வாசனையும் வரும், ரெண்டு நிமிஷம் தாண்டினா வழவழன்னு தொங்கிடும்.

நீங்க தேடின வெண்ணெய்: உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், ஃபிரிட்ஜை விட்டு எடுத்து அழுத்தினா குழியுற பதத்தில். உருகினதா இருக்கக் கூடாது, உருகினா மோர் பிரிஞ்சு தாள் அடியில் தங்கும். பொடியா நறுக்கின சைவ்ஸ் 3 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், துருவின எலுமிச்சைத் தோல் அரை டீஸ்பூன். சாறு வேண்டாம், புளிப்பு பட்டா பச்சை காக்கி ஆயிடும், வெண்ணெயோட கலக்கவும் செய்யாது. பட்டர் பேப்பரில் சுருட்டி உருளையாக்கி ஃபிரிட்ஜில் வச்சா ஒரு வாரம், ஃப்ரீசரில் ரெண்டு மாசம். நம்ம ஊர் நீள ரொட்டிக்கு இது போதும். சுட்ட கொடுவா மீன் மேல ஒரு வில்லை வச்சுப் பாருங்க, வேற மசாலா எதுவும் கேட்காது. கார்லிக் சைவ்ஸில் செய்யறதா இருந்தா 1 டேபிள்ஸ்பூன் மட்டும், கொதிநீரில் பத்து செகண்ட் முக்கி, குளிர்நீரில் போட்டு, துணியில் ஒத்தி எடுத்து நறுக்குங்க. பச்சையா போட்டா மறுநாள் காரம் ஏறிக் கசக்கும்.

நறுக்குறது முக்கியம். கழுவின தாளில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. கட்டா சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, கூரான கத்தியை இழுத்து 2 மில்லிமீட்டர் வளையமா. கத்தியால கொத்தாதீங்க. மொட்டைக் கத்தி தாளை நசுக்கும், சாறு பலகைக்குப் போயிடும், அஞ்சு நிமிஷத்தில் கசப்பு வரும்.

பிரெஞ்சு சமையலில் இதுக்குச் சிபுலெத்னு பேர். பார்ஸ்லி, டாரகன், செர்வில், சிபுலெத் நாலும் சேர்ந்தா ஃபீன் எர்ப், அதைப் போட்ட ஆம்லெட் ரொம்பப் பிரபலம். மூணு முட்டைக்கு நறுக்கின சைவ்ஸ் ஒரு டேபிள்ஸ்பூன், பாதி முட்டையில், பாதி மடிக்கும் முன்னால. வெறும் சைவ்ஸ் மட்டும் போட்டாலும் ருசி குறையாது, டாரகனுக்கு அலைய வேணாம். தயிர்ப் பச்சடிக்கு: துணியில் ரெண்டு மணி நேரம் வடிச்ச தயிர் 200 கிராம், சைவ்ஸ் 2 டேபிள்ஸ்பூன், உப்பு, கொஞ்சம் மிளகு. உருளைக்கிழங்கு வேக வச்சதுக்கும் அடைக்கும் தொட்டுக்கலாம். கடுகு தாளிச்சுக் கொட்டாதீங்க, அதோட சைவ்ஸ் காணாமப் போயிடும்.

கார்லிக் சைவ்ஸுக்கு வருவோம், நம்ம அடுப்புக்கு இதுதான் ஒத்துப்போகும். முட்டைப் பொரியல்: 100 கிராம் தாள், 3 சென்டிமீட்டர் துண்டு, வெள்ளை அடி தனி, பச்சை தனி. நாலு முட்டையை உப்பு போட்டு அடிச்சு, சூடான எண்ணெயில் பாதி வெந்ததும் எடுத்துடுங்க. அதே சட்டியில் வெள்ளை முப்பது செகண்ட், பச்சை முப்பது செகண்ட், முட்டை திரும்ப உள்ளே, ரெண்டு புரட்டு, இறக்குங்க. ஒண்ணா போட்டுக் கிளறினா தாள் விடுற தண்ணியில் முட்டை ஊறிச் சொதசொதன்னு ஆகும். கால் கிலோ இறாலோடயும் இதே வரிசைதான். அடை மாவு ஒரு லிட்டருக்குப் பொடியா நறுக்கினது ஒரு கப், வெங்காயம் போட வேண்டியதில்ல, ஊத்துற நேரத்தில்தான் கலக்கணும்.

கொழுக்கட்டைப் பூரணமா வைக்கிறதா இருந்தா ஒரு சூட்சுமம். உப்பு பட்ட உடனே தாள் தண்ணி விடும், மாவு கிழியும். அதனால நறுக்கின தாள்ல முதல்ல ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசறுங்க, எண்ணெய் மேல படிஞ்சா உப்பு உள்ளே இறங்க நேரமாகும். பொரிச்ச முட்டையோ பிழிஞ்ச பனீரோ சேர்த்து, உப்பைக் கடைசியா, மடிக்க உக்காரும்போது போடுங்க.

மிச்சம் வச்சுக்க: ஈரமில்லாம காகிதத்தில் சுத்தி டப்பாவில் அஞ்சு நாள். நறுக்கிப் பையில் மெலிசா பரப்பி ஃப்ரீசரில் வச்சா மூணு மாசம், பனியோடயே போடணும், இளக விட்டா கூழ். வெயிலில் காய வைக்காதீங்க. நம்ம வடகத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் காயக் காய வாசனை ஏறுதே, அதை நினைச்சு இதையும் காய வச்சா வைக்கோல்தான் மிஞ்சும். வெங்காயத்தில் சர்க்கரையும் சதையும் இருக்கு, இந்தத் தாளில் ரெண்டும் இல்ல. வதுவான்னு பிரெஞ்சுக்காரங்க கொண்டாடுறது நம்ம வடகத்தைத்தான், அதுக்குச் சின்ன வெங்காயமே போதும். இன்னொண்ணு, பச்சைத் தாளை எண்ணெயில் ஊறப் போட்டு மேடையில் வைக்கக் கூடாது. காத்துப் புகாத எண்ணெய்க்குள்ள 'போட்டுலிசம்'ங்கிற ஆபத்தான உணவு நச்சு உண்டாகலாம், அது மோந்தா தெரியாது. செஞ்சா ஃபிரிட்ஜில் வச்சு நாலு நாளுக்குள்ள முடிங்க. வினிகரில் போடலாம், பயமில்ல: கார்லிக் சைவ்ஸின் வெள்ளைப் பூ ஒரு கப், வெள்ளை வினிகர் ஒன்றரை கப், இருட்டில் பத்து நாள், வடிகட்டிச் சாலட்டுக்கு.

குழித்தட்டு:

சைவ்ஸ் இல்லாத மாசத்துக்கு ஒரு வழி விட்டுப்போச்சு. ரெசிபி மெல்லிசான குழல் தாளைத்தான் கேட்டா கார்லிக் சைவ்ஸை விடச் சின்ன வெங்காயத் தாள் கிட்டத்தில் வரும். அகலமான தொட்டியில் 20 சின்ன வெங்காயத்தை நெருக்கமா, தலை வெளியே தெரிய நடுங்க. 20, 25 நாளில் ஒரு சாண் தாள். ரெண்டு தடவை அறுக்கலாம், மூணாவதுக்கு வெங்காயம் காலியாகி இருக்கும், பிடுங்கிட்டுப் புதுசு நடுங்க. சைவ்ஸை விடக் கொஞ்சம் காரம், அதனால ரெசிபி சொல்ற அளவில் முக்கால் போட்டாப் போதும்.

மாடியில் நாயோ பூனையோ சுத்துமா? வெங்காயம், பூண்டு, இந்த ரெண்டு சைவ்ஸும் அதுங்களுக்கு ஆகாது, சிவப்பணு உடைஞ்சு ரத்தசோகை வரும். வேக வச்சதும் அப்படித்தான். எட்டாத உயரத்தில் வைங்க, சைவ்ஸ் வெண்ணெய் தடவின ரொட்டித் துண்டையும் போடாதீங்க.

முத்தியால்பேட்டை மாடி:

பூனை வரும், கைப்பிடிச் சுவர் மேல கம்பி அடிச்சுத் தொங்க விடுறேன். ஒரே ஒரு சந்தேகம்: சைனீஸ் கடையில் மஞ்சளா ஒரு கார்லிக் சைவ்ஸ் பாத்தது, அது வேற ரகமா?

முதுநகர் தூர்:

ரகம் அதேதான், வெளிச்சம் காட்டாம வளர்த்தது. அடியோட அறுத்துட்டு, வெளிச்சம் புகாத மாதிரி ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து வைங்க, ஓட்டை இருந்தா அடைச்சுடுங்க. ரெண்டு மூணு வாரத்தில் மஞ்சள் தாள், இளசா, காரமே இல்லாம வரும். மார்கழி தையில் மட்டும் செய்யுங்க, வெயில் மாசத்தில் சட்டிக்குள்ள வெந்துடும். அப்படி ஒரு தடவை எடுத்த தூருக்கு அடுத்த ரெண்டு அறுவடை விட்டுக் கொடுக்கணும், கிழங்கில் இருந்ததெல்லாம் செலவாகி இருக்கும்.